சேலத்திலிருந்து கிளியூர் அருவிக்கு: ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

கிளியூர் அருவிக்குப் போக நினைப்பவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது ஏற்காடு ஏரியைப் பற்றித்தான். ஏரி நிரம்பிக் கோடி போகிறதா, அதாவது உபரி நீர் வெளியே வழிகிறதா என்று கேளுங்கள். போகிறது என்றால் அருவியில் தண்ணீர் கொட்டும். போகவில்லை என்றால், அவ்வளவு படியும் இறங்கி வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற வேண்டியிருக்கும். ஏரியின் உபரி நீரும் சுற்றுப்பக்கத்து ஓடைகளும் சேர்ந்து கிளியூர்ப் பள்ளத்தாக்கில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுவதுதான் இந்த அருவி. வருடம் முழுக்க ஒரே மாதிரி விழும் அருவி இல்லை இது. மழை கொடுத்தால் உண்டு.

சேலம் இரும்பும் வெள்ளியும் ஜவ்வரிசியும் விசைத்தறியும் ஓடும் ஊர். கஞ்சமலை அடியில் உருக்காலை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள், தெருவுக்குத் தெரு தறிச் சத்தம். அந்தப் புழுக்கத்திலிருந்து 30 கிலோமீட்டர் போனால் குளிர்ந்த காற்றும் அருவியும் கிடைக்கிறது. அதனால்தான் ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தாலும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மேலே பார்க்கத் தோன்றுகிறது. அந்த ஒரு நாள் வீணாகாமல் இருக்கவும், போனவர்கள் எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பவும்தான் இதை எழுதுகிறேன்.

எப்போது போவது

பங்குனி, சித்திரையில் போகாதீர்கள். மே மாதக் கோடை விழாவுக்கு ஏற்காடு வருபவர்களில் பலர் அருவியையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். மலர்க் கண்காட்சிக்கு அது நல்ல நேரம். அருவிக்கு இல்லை. கோடை மழை பலமாகப் பெய்திருந்தால் மட்டும் கொஞ்சம் நீர் ஒழுகும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு இரண்டு பருவ மழையும் உண்டு. தென்மேற்குப் பருவத்தின் பின்பகுதியான ஆகஸ்ட், செப்டம்பரில் ஏரி நிறையத் தொடங்கும். வடகிழக்குப் பருவம் அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் வரை இழுக்கும். இதில் எந்த நாளைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மழை கொட்டிக்கொண்டிருக்கும் நாளும் வேண்டாம், மழை விட்டுப் பல வாரம் ஆன பிறகும் வேண்டாம். நல்ல மழை பெய்து ஓய்ந்து ஒன்றிரண்டு நாள் வெயில் அடித்ததும் கிளம்புங்கள். கலங்கல் தெளிந்திருக்கும், தண்ணீரும் குறைந்திருக்காது, மலைப்பாதையும் காய்ந்திருக்கும்.

விசாரிப்பதற்கு எளிய வழி, ஏற்காட்டில் தெரிந்த ஒருவருக்குப் போன் போடுவது. தெரிந்தவர் இல்லையென்றால், தங்கும் விடுதி எதற்காவது பேசி, “ஏரி கோடி போகுதுங்களா, அருவியில குளிக்க விடுறாங்களா?” என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்வியை விட்டுவிடக் கூடாது. வெள்ளம் அதிகமானால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். இணையத்தில் ஓடும் வீடியோக்களை நம்பிக் கிளம்ப வேண்டாம். அது எந்த வருடத்து மழை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

புயல் எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அருவி அடுத்த வாரமும் இருக்கும்.

கையில் என்ன எடுத்துப் போவது

செருப்பு முக்கியம் என்பதால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீட்டில் போடும் ரப்பர் செருப்பு ஈரப் பாறையில் நிற்காது. வார் வைத்து இறுக்கிக் கட்டும், அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டிய சாண்டல் போதும். தேய்ந்துபோன பழைய ஷூவைவிட அது நல்லது.

குளிப்பவர்களுக்கு மாற்றுடை, துண்டு, ஈரத்துணி போட ஒரு துணிப்பை. பெண்கள் புடவையோடு அருவியில் இறங்க வேண்டாம். நனைந்த புடவை காலில் சுற்றிக்கொள்ளும், பாறையில் அடி எடுத்து வைக்க விடாது. பருத்திச் சுடிதார் வசதி. உடை மாற்ற அருவியடியில் நல்ல இடம் கிடைக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். மேலே ஒரு சால்வையோ பெரிய துண்டோ போர்த்திக்கொண்டு படியேறி, ஊருக்கு வந்து மாற்றிக்கொள்வதுபோல் திட்டமிடுங்கள். குழந்தைகளுக்கு ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில் இருக்கிறது. கீழே வியர்க்கும்போது மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். நனைந்த குழந்தை அந்தக் காற்றில் நடுங்கிப் போகும்.

குடிக்கத் தண்ணீரை ஸ்டீல் பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் புளிசோறோ எலுமிச்சைச் சோறோ கட்டிக்கொண்டால் போதும், கெடாது. அதை வாழையிலையில் கட்டுங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அருவி ஓரத்துப் பாறை இடுக்கில் செருகிக் கிடக்கும் பொட்டலக் கவர்களைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. அடுத்த மழையில் அவை அத்தனையும் பள்ளத்தாக்குக்குள் போய்ச் சேரும். கண்ணாடி பாட்டில் எதுவுமே வேண்டாம். அது உடைந்தால் அடுத்து வெறுங்காலோடு இறங்கும் குழந்தைக்குத்தான் குத்தும்.

சுளுக்குக் கட்டும் எலாஸ்டிக் துணி ஒன்று, பிளாஸ்திரி கொஞ்சம். அவ்வளவுதான்.

மலை ஏறுவது

வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்கள் சேலம் ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் புதிய பஸ் நிலையம் வந்துவிடலாம். அங்கிருந்து ஏற்காடு பஸ் புறப்படும். விடுமுறை நாளில் காலை ஏழு மணிக்குள் பஸ் நிலையத்தில் இருந்தால் உட்கார இடம் கிடைக்கும். வளைவுகளில் தலைசுற்றல், வாந்தி வருபவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து, செல்போனைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டு வரவேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். வெறும் வயிறும் கூடாது, இரண்டு இட்லி போதும்.

சொந்த வண்டியில் வருபவர்களுக்கு இரண்டு பாதை உண்டு. அஸ்தம்பட்டி, கோரிமேடு, கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரம் போய் ஏறுவது முதல் பாதை. இதில்தான் 20 கொண்டை ஊசி வளைவுகள் வருகின்றன. அயோத்தியாப்பட்டணம் போய்க் குப்பனூர், கொட்டச்சேடு வழியாக ஏறுவது இரண்டாவது. சுற்று அதிகம், கூட்டம் குறைவு. விழா நாட்களில் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று போலீஸார் பிரித்து விடுவதுண்டு. அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் முறை வருபவர்களுக்கு அடிவாரம் வழியைத்தான் சொல்வேன், வழியில் பார்க்க நிறைய இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோவின் பழைய நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. வளைவுகள் ஏறியதும், பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிக் கீழே பாருங்கள். சமவெளியில் வெள்ளை வெள்ளையாகத் தோண்டிக் கிடப்பவை மேக்னசைட் சுரங்கங்கள். எங்கள் ஊரில் வெள்ளைக்கல் என்போம். இரும்பு உருக்கும் உலைகளின் உட்புறத்தில் சூடு தாங்க வைக்கும் செங்கல் இந்தக் கல்லில்தான் ஆகிறது. மலை மேலும் சும்மா விடப்படவில்லை. மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையில் பல காலம் பாக்சைட் வெட்டினார்கள். அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போவதைவிட, இந்த மலை இந்த ஊருக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறது என்று தெரிந்து பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவுக்கு முன் ஹாரன் அடியுங்கள். பஸ் திரும்புவதைக் கண்டால் நின்றுவிடுங்கள், அதற்கு முழுச் சாலையும் வேண்டும். பனிமூட்டம் இறங்கினால் ஹைபீம் போடக் கூடாது. வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசச் செய்யும். குரங்குகளுக்குத் தீனி போட வண்டியை நிறுத்தாதீர்கள். தின்பண்டத்துக்காக நடுரோட்டில் உட்காரப் பழகிய குரங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாகின்றன.

ஏரியிலிருந்து அருவிக்கு

ஏற்காடு வந்ததும் நேராக அருவிக்குப் போய்விடுங்கள். படகும் பஜ்ஜியும் அப்புறம். காலையில் கூட்டமும் இருக்காது, மதியத்துக்கு மேல் வரும் மழைக்கும் தப்பலாம். ஏரியைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று, கோடி வழியே எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே உங்கள் தலையில் விழப்போவது அதுதான்.

ஏரியிலிருந்து அருவிப் பக்கம் 3 கிலோமீட்டர் அளவு. ஆட்டோ கிடைக்கும், நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம். சாலை குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டிவரும். பெரிய வேனில் வருபவர்கள் வேனை ஊரிலேயே விட்டுவிடுவது நல்லது.

நான் நடக்கத்தான் சொல்வேன். இருபுறமும் காப்பித் தோட்டம். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஆள் உயரம் தாண்டி ஏறியிருக்கும். அருவிக் காலமும் காப்பிப் பழம் பழுக்கும் காலமும் ஒட்டி வருவதால், நவம்பர், டிசம்பரில் போனால் பச்சைக் காய்களுக்கு நடுவே சிவந்த பழங்களைக் கொத்துக் கொத்தாகப் பார்க்கலாம். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். இருநூறு வருடமாக இந்த மலை மக்களின் கைப்பாடு அந்தச் செடிகளில் இருக்கிறது. பார்த்து ரசியுங்கள், பறிக்காதீர்கள், வேலி தாண்டி உள்ளே போட்டோ எடுக்கப் போகாதீர்கள்.

சாலை முடியும் இடத்திலிருந்து இறக்கம், படிகள். இறங்கும்போது சுலபமாகத் தெரியும், அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மற்ற மலை இடங்களில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவோம். இங்கே இறங்கிப் பார்த்துவிட்டு, குளித்துக் களைத்த உடம்போடு ஏற வேண்டும். மூட்டு வலி, மூச்சிரைப்பு, இதய நோய் உள்ளவர்களை மேலேயே உட்கார வைத்துவிடுங்கள். வற்புறுத்தாதீர்கள். துணைக்கு ஒருவர் இருந்தால் அவர்களுக்குப் பொழுது போய்விடும். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். மழைக்காலத்தில் படி ஓரமெல்லாம் பாசி பிடித்திருக்கும். படியின் நடுவில், தேய்ந்து வெளுத்திருக்கும் பகுதியில் கால் வையுங்கள்.

அருவியடியில்

இறங்கியதும் தண்ணீருக்குள் ஓடாதீர்கள். ஐந்து நிமிடம் ஓரமாக நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே அடித்து விழுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் வழிந்து ஓடுகிறது, படிக்கட்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் மனதில் பதியட்டும். அப்புறம் தண்ணீர் விளிம்பில், பாதி நனைந்து பாதி காய்ந்திருக்கும் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல்தான் உங்களுக்குக் காவல். குளிக்கும் நேரம் முழுக்க, கூட வந்தவர்களில் ஒருவர் கரையிலேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் இருக்கிறது. அருவிக்கு நீர் வருவது மேலே உள்ள ஏரியிலிருந்தும் ஓடைகளிலிருந்தும். அருவியடியில் நல்ல வெயில் அடிக்கும்போதே மேலே வேறொரு பக்கம் மழை கொட்டலாம். அந்த வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. ஆனால் அடையாளம் காட்டும். முதலில் இலையும் சுள்ளியும் குப்பையும் மிதந்து வரும். வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் பழுப்பேறும். பிறகு சத்தம் கனக்கும். குறித்து வைத்த கல்லின் காய்ந்த பகுதி நனையும். இதில் ஒன்றைக் கண்டாலும் உடனே வெளியேறுங்கள், செருப்பு, பை எதையும் தேடாமல் படிக்கட்டுப் பக்கம் உயரத்துக்கு வந்துவிடுங்கள். ஓடையின் மறுகரையில் மாட்டிக்கொண்டால் கடந்து வர முயலக் கூடாது. அங்கேயே மேடாகப் பார்த்து ஏறி நின்றால் வெள்ளம் தணிந்ததும் வரலாம். இந்தக் காரணத்துக்காகத்தான் மறுகரைக்கே போகாதீர்கள் என்கிறேன்.

இந்த மலை சார்னோக்கைட் என்ற மிகப் பழமையான கடினப் பாறையால் ஆனது. நனைந்தால் கருத்துப் பளபளக்கும். பளபளக்கும் பாறை வழுக்கும், சொரசொரப்பாக மங்கித் தெரியும் பாறை பிடிக்கும். இந்த ஒரு வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி ஆபத்து போய்விடும். பாறையில் நடக்கும்போது நிமிர்ந்து வீரமாக நடக்க வேண்டியதில்லை, குனிந்து கையும் ஊன்றிப் போங்கள்.

நீர் நேராக அடிக்கும் இடத்துக்குக் கீழே நிற்காதீர்கள். 300 அடியிலிருந்து தண்ணீரோடு ஒரு சின்னக் கல் வந்தாலும் மண்டை உடையும். பக்கவாட்டில் சிதறி வழியும் இடத்தில் நின்று குளித்தாலே உடம்பு சிலிர்த்துப் போகும். தேங்கிய குட்டையில் தலைகீழாகக் குதிப்பது கூடவே கூடாது. அடியில் பாறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது மேலிருந்து தெரியாது, ஒவ்வொரு வெள்ளத்திலும் கற்கள் இடம் மாறும். அருவி விழும் உச்சிக்கு ஏறிச் செல்ஃபி எடுப்பதைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஏறாதீர்கள். குடித்துவிட்டு வருபவர் உங்கள் கூட்டத்திலேயே இருந்தால் அவரைத் தண்ணீரில் இறக்காதீர்கள், கோபித்துக்கொண்டாலும் சரி.

சோப்பும் ஷாம்பூவும் கொண்டு போக வேண்டாம். அருவித் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், குழந்தைகளிடமும் வாயை மூடிக்கொண்டு குளிக்கச் சொல்லுங்கள். ஊர் நடுவில் இருக்கும் ஏரியின் உபரி நீர் இது, ஊற்று நீர் அல்ல. நம் நகரத்துக்குள் ஓடும் திருமணிமுத்தாறும் இதே சேர்வராயன் மலைத் தொடரில்தான் பிறக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் அந்த ஆறு சாக்கடையும் சாயக் கழிவும் வாங்கிக்கொண்டு சேலத்தைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பட்டறைகளும் ஆலைகளும் நமக்குச் சோறு போடுகின்றன, உண்மைதான். அதற்காக ஆறு இப்படி ஆக வேண்டியதில்லை. மேலே அருவியில் நின்று தண்ணீரை ஆசையாக அள்ளும் சேலத்துக்காரர் ஒவ்வொருவரும், இறங்கிய பிறகு தன் தெருச் சாக்கடை எங்கே போய் விழுகிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அருவியடியில் சிக்னலை நம்ப வேண்டாம். யாருக்காவது அடிபட்டால் இரண்டு பேர் அவரோடு இருக்க, ஒருவர் படியேறி வந்து 108-க்கு அழைக்க வேண்டும். கால் பிசகியவரை அவசரப்பட்டுத் தூக்கிக்கொண்டு வழுக்குப் படியில் ஏறினால் தூக்குபவரும் சேர்ந்து விழுவார். கட்டுப் போட்டு, நிதானமாக, இருவர் தாங்கி வாருங்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால்

ஏரியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும் என்பதால் நாள் வீணாகாது. இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் ஏற்காட்டில் இருக்கிறது, செடி கொடியில் ஆர்வம் உள்ளவர்கள் தவறவிடக் கூடாத இடம். சேர்வராயன் கோயில் மலை உச்சியில், குகைக்குள் இருக்கிறது. மலைவாழ் மக்களின் குலதெய்வம், மரியாதையோடு போய் வாருங்கள். பகோடா பாயின்டும் லேடிஸ் சீட்டும் எல்லோரும் போகும் இடங்கள். லேடிஸ் சீட்டில் நின்றால் மொத்தச் சேலமும் காலடியில் தெரியும்.

அருவிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கு, ஆத்தூர் அருகே முட்டலில் ஆனைவாரி அருவி இருக்கிறது. கல்வராயன் மலையடிவாரம், வனத்துறை பராமரிப்பு, படகு விடும் ஏரியும் உண்டு. அதுவும் மழையை நம்பியதுதான். ஆனால் மழை இரண்டு மலையிலும் ஒரே அளவு பெய்வதில்லை, அதனால் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

இறங்குவது

அருவியிலிருந்து படியேறி வந்ததும் உடனே வண்டி எடுக்காதீர்கள். ஈரத்துணி மாற்றி, ஏரிக்கரையில் சூடாக மிளகாய் பஜ்ஜியும் ஒரு காப்பியும் சாப்பிட்டு, அரை மணி நேரம் கால் நீட்டி உட்காருங்கள். வீட்டுக்கு மிளகும் காப்பித்தூளும் வாங்குவதற்கு அதுதான் நேரம்.

இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. அந்தி சாய்ந்தால் காட்டெருமைகள் சாலைக்கு வரும். வழியில் நின்றால் ஹாரன் அடிக்காமல் காத்திருங்கள், தானாகப் போகும். ஏறும்போது எந்த கியரில் வந்தீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் சூடாகிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, தானாக ஆறும்வரை நிறுத்துங்கள், சூட்டின்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பஸ்ஸில் வந்தவர்கள் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் கடைசி பஸ்ஸை நம்பாமல், அதற்கு முந்தைய பஸ்ஸைப் பிடிப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.